பவர் பிரஸ்ஸும் ஆஸ்பத்திரிச் சீட்டும்

என் தங்கை வீட்டுக்காரருக்கு வலக்கையின் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் இப்போது ஒரு கணு அளவுக்குத்தான் இருக்கின்றன. மதுரையின் தெற்குப் பகுதியில் எட்டுப் பேர் வேலை பார்க்கும் ஓர் எவர்சில்வர் பாத்திரப் பட்டறையில், 2022ஆம் ஆண்டு ஆடி மாதத்துப் புதன்கிழமை ஒன்றில், தூக்குவாளி மூடிக்கான தகட்டை டை என்ற அச்சில் வைத்துக்கொண்டிருந்தபோது, தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பவர் பிரஸ் இயந்திரம் காலால் மிதிக்காமலேயே இரண்டாம் முறை இறங்கிவிட்டது. அதற்கு முந்தைய வாரமே அது அப்படி ஒரு தடவை இறங்கியிருந்தது என்பதும், சனிக்கிழமை மெக்கானிக்கை வரச் சொல்லியிருக்கிறேன் என்று முதலாளி சொல்லியிருந்தார் என்பதும் எங்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

முதலாளியின் மைத்துனர் ஆட்டோவில் ஏற்றி ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அங்கே நர்ஸ் கேட்ட முதல் கேள்வி, "எப்படிங்க ஆச்சு?" என்பது. கையைத் துண்டால் சுற்றிக்கொண்டு மயக்கத்தின் விளிம்பில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை வாயைத் திறப்பதற்குள் மைத்துனர் பதில் சொல்லிவிட்டார்: "வீட்டுல கதவு இடுக்குல மாட்டிக்கிச்சும்மா." நர்ஸ் அதை அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு அது டிஸ்சார்ஜ் சீட்டிலும் ஏறியது. ஒரு வரிதான். அந்த ஒரு வரியை இல்லையென்று நிரூபிக்க எங்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

நான் வக்கீல் அல்லன். மாசி வீதியில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறவன். ஆனால் அந்த வழக்குக்காகத் தொழிலாளர் துறை அலுவலகத்தின் படிகளை ஏறி இறங்கியதில், கையையோ காலையோ இழந்தவர்களின் குடும்பத்தார் பலர் என்னிடம் வந்து விவரம் கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரு முறை எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

முதலில் சட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். வேலையின்போதும் வேலையின் காரணமாகவும் ஏற்படும் விபத்துக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது இந்த நாட்டில் 1923 முதல் சட்டம். நடைமுறைக்கு வந்தது 1924 ஜூலை 1. அதன் பெயர் 2010இல் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று மாறியது என்றாலும், மதுரை வக்கீல்கள் இன்றும் 'வொர்க்மென்ஸ் காம்பன்சேஷன்' என்ற பழைய பெயரின் முதலெழுத்துகளை வைத்து 'டபிள்யூ.சி. கேஸ்' என்றுதான் சொல்கிறார்கள். 2025 நவம்பரில் அது ஒரு புதிய சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது; நான் கீழே சொல்லும் பிரிவுகளும் அட்டவணைகளும் எங்கள் வழக்கு நடந்த இந்தப் பழைய சட்டத்தினுடையவை. இதில் பலரும் கவனிக்காத செய்தி, முதலாளியின் தவறு என்ன என்று தொழிலாளி காட்ட வேண்டியதில்லை என்பது. பிரஸ் பழுதாக இருந்ததா, மெக்கானிக் வந்தாரா வரவில்லையா என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். விபத்து வேலையில் நடந்ததா, அதனால் மூன்று நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் போனதா என்பதே கேள்வி. தொழிலாளி குடித்திருந்தார், பாதுகாப்புக்காகச் சொன்ன கட்டளையை வேண்டுமென்றே மீறினார், கை உள்ளே போகாமல் தடுக்கும் இயந்திரக் காப்பை வேண்டுமென்றே கழற்றினார் என்று முதலாளி சொல்லித் தப்பிக்கச் சில வழிகள் உண்டு. ஆனால் சாவிலும் முழுமையான நிரந்தர ஊனத்திலும் அந்தச் சாக்குகளும் செல்லாது. எங்கள் வழக்கிலும் 'காப்பைக் கழற்றிவிட்டார்' என்று பதிலுரையில் எழுதினார்கள். அந்தப் பிரஸ்ஸுக்குக் காப்பு என்று ஒன்று வாங்கிய பில்லைக் காட்டுங்கள் என்று எங்கள் வக்கீல் கேட்ட பிறகு அந்தப் பேச்சு அடங்கிவிட்டது.

பட்டறையில் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்திருந்தால் கதை வேறு. அப்போது ஈ.எஸ்.ஐ. என்ற அரசுத் தொழிலாளர் காப்பீடு வந்துவிடும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு அது பொருந்தும், சம்பளத்தில் 0.75 சதவீதம் தொழிலாளியும் 3.25 சதவீதம் முதலாளியும் கட்டுகிறார்கள். வேலையில் அடிபட்டால் குணமாகும் வரை சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். ஊனம் நிலைத்துவிட்டால், மருத்துவ வாரியம் மதிப்பிடும் சதவீதத்துக்கு ஏற்ப மாதந்தோறும் பணம் வரும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் இந்த உரிமை உண்டு. ஈ.எஸ்.ஐ. உள்ளவர் அதே விபத்துக்கு இழப்பீட்டுச் சட்டத்தின் கீழும் கேட்க முடியாது. பதினான்கு பேர் வேலை செய்கிற இடத்தில் ஒன்பது பேரை மட்டும் ஏட்டில் காட்டுகிற பழக்கம் நம் ஊரில் எவ்வளவு பரவலானது என்பதை, கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில், நான் இங்கே விவரிக்காமல் விடுவதே நல்லது.

விபத்து நடந்து பத்தாம் நாள் முதலாளி வீட்டுக்கு வந்தார். ஆப்பிள், ஆரஞ்சு, ஹார்லிக்ஸ் எல்லாம் வாங்கி வந்தார். அவர் கெட்டவர் என்று நான் இன்றும் சொல்ல மாட்டேன். பட்டறையை ஓட்டுவதற்கு அவரே வட்டிக்கு வாங்கிக்கொண்டிருந்தவர்தான். ஆஸ்பத்திரிச் செலவு 62,000 ரூபாயை அவர் கட்டியிருந்தார். அதோடு 40,000 ரூபாய் கையில் தருவதாகவும், மாப்பிள்ளை வாங்கியிருந்த முன்பணம் 30,000 ரூபாயைத் தள்ளிவிடுவதாகவும், அதற்கு ஈடாக முத்திரைத்தாளில் 'இனி எந்தப் பாத்தியதையும் இல்லை' என்று ஒரு கையெழுத்து வேண்டும் என்றும் சொன்னார். என் தங்கை அந்தத் தாளையும் தன் கணவருடைய கட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். எந்தக் கையால் கையெழுத்துப் போடுவது என்பதே அப்போது ஒரு கேள்வியாக இருந்தது.

அந்தக் கையெழுத்தைப் போட்டிருந்தாலும் அது செல்லாது என்பது எனக்கு அன்று தெரியாது. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும், விபத்துக்கு முன்னால் எழுதினாலும் பின்னால் எழுதினாலும், செல்லாது என்று சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. இரு தரப்பும் ஒரு தொகைக்கு உண்மையாகவே ஒத்துப்போனால் அதை எழுதி, இந்த வழக்குகளை விசாரிக்கும் தொழிலாளர் துறை ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். தொகை போதாது என்று அவருக்குப் பட்டால் பதிவை மறுக்கலாம். முன்பணத்தைத் தள்ளிவிடுகிறேன் என்பதும் பெருந்தன்மைபோலத் தோன்றுமே தவிர, இழப்பீட்டுத் தொகையில் எந்தக் கடனையும் கழித்துக்கொள்ள முடியாது என்பது 9ஆம் பிரிவு. மருத்துவத்துக்கு அவர் கட்டிய 62,000 ரூபாயும் அப்படித்தான்: சிகிச்சைச் செலவை முழுக்க ஏற்பது அவருடைய தனிப் பொறுப்பு, அதை இழப்பீட்டில் காட்டிக் கழிக்க இடமில்லை.

ஆனால் இழப்பீடு எவ்வளவு வரும்? இந்தக் கணக்கை ஒரு முறையாவது ஒவ்வொருவரும் கையால் போட்டுப் பார்க்க வேண்டும். மாப்பிள்ளைக்கு வாரச் சம்பளம் 4,200 ரூபாய்; மாதத்துக்கு 18,200 வருகிறது. ஆனால் 2020 ஜனவரி 3 முதல் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் உச்சவரம்பு 15,000 ரூபாய்தான் (அதற்கு முன் பத்து ஆண்டுகளாக 8,000 ரூபாயிலேயே கிடந்தது). முழு ஊனத்துக்குரிய கணக்கில் அந்தச் சம்பளத்தின் 60 சதவீதம், அதாவது 9,000 ரூபாய் எடுத்துக்கொள்ளப்படும். அதை வயதுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். சட்டத்தின் நான்காம் அட்டவணையில் வயதுவாரியாக ஓர் எண் இருக்கிறது: 20 வயதுக்கு 224.00, 30 வயதுக்கு 207.98, 40 வயதுக்கு 184.17, 50 வயதுக்கு 153.09. மாப்பிள்ளைக்கு அப்போது 34 வயது முடிந்திருந்தது; அதற்கு 199.40. பெருக்கினால் 17,94,600 ரூபாய். இது இரு கைகளும் போனவருக்கு.

இரண்டு விரலில் இரண்டிரண்டு கணு போனவருக்கு முதல் அட்டவணையைப் பார்க்க வேண்டும். அந்தப் பக்கத்தை முதன்முதலாகப் படித்த இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கட்டை விரல் முழுதும் போனால் 30 சதவீதம். ஆட்காட்டி விரல் முழுதும் 14, இரண்டு கணு 11, ஒரு கணு 9, எலும்பு போகாமல் நுனி மட்டும் 5. நடுவிரல் முழுதும் 12, இரண்டு கணு 9. மோதிர விரலோ சுண்டு விரலோ முழுதும் போனால் 7. வலக்கைக்கும் இடக்கைக்கும் வேறுபாடு கிடையாது. கசாப்புக் கடை விலைப்பட்டியல்போல இருக்கிறதே என்று வக்கீலிடம் சொன்னேன். "இந்தப் பட்டியல் இல்லேன்னா ஒவ்வொரு விரலுக்கும் பேரம் பேசணும் சார், அது இதைவிடக் கேவலம்" என்றார் அவர். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான்.

ஆக 11உம் 9உம் சேர்ந்து 20 சதவீதம். 17,94,600 ரூபாயில் அது 3,58,920 ரூபாய். முத்திரைத்தாளில் எழுதியிருந்தது 40,000.

அட்டவணைச் சதவீதம் அடித்தளம் மாதிரி. செய்துவந்த தொழிலையே இனி செய்ய முடியாது என்று காட்ட முடிந்தால் அதற்கு மேலும் கேட்கலாம். இதற்கு வக்கீல்கள் இன்றும் எடுத்துக்காட்டுவது, 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்த பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கு. சினிமாக் கொட்டகை ஒன்றில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் கீழே விழுந்து, முழங்கைக்கு மேலே இடக்கை எடுக்கப்பட்டது. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால் அவருடைய இழப்பு நூறு சதவீதம் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. எங்கள் வழக்கில் அதைக் கேட்கவில்லை. மாப்பிள்ளை அதற்குள் வேறொரு பட்டறையில் பாலிஷ் பட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

இனி அந்தக் கதவு இடுக்குக்கு வருகிறேன். மனு போட்டதும் முதலாளியின் தரப்பு இரண்டு பதில்கள் சொன்னது. ஒன்று, அவர் பீஸ் கணக்குக்கு வேலை செய்தவர், எங்கள் பணியாளரே இல்லை. இரண்டு, விபத்து அவர் வீட்டில் நடந்தது, ஆஸ்பத்திரிச் சீட்டைப் பாருங்கள்.

முதலாவது எளிதாக உடைந்தது. கூலியை நாளுக்குக் கணக்கிட்டால் என்ன, உருப்படிக்குக் கணக்கிட்டால் என்ன, முதலாளியின் இடத்தில் அவருடைய இயந்திரத்தில் அவர் சொல்லும் வேலையைச் செய்பவர் பணியாளர்தான். பட்டறையில் சம்பளப் பதிவேடு கிடையாது. ஆனால் கொரோனாக் காலத்தில் முதலாளி ஜிபேக்கு மாறியிருந்தார். மாப்பிள்ளையின் கைப்பேசியில் சனிக்கிழமைதோறும் இரவு ஏழு மணியிலிருந்து எட்டு மணிக்குள் 4,200, 4,200, 3,700, 4,200 என்று வரிசையாக இருந்தது; 3,700 வந்த வாரங்கள் முன்பணத்தில் ஐந்நூறு பிடித்த வாரங்கள். அந்த ஓராண்டுப் பட்டியலை வங்கியில் முத்திரையோடு வாங்கிக் கொடுத்தோம். கையில் ரொக்கமாக வாங்குகிறவர்கள், ஒரு சின்ன நோட்டில் தேதியும் தொகையும் எழுதி வைத்துக்கொண்டாலும் ஒன்றுமில்லாததற்கு அது எவ்வளவோ மேல்.

இரண்டாவதுதான் எங்களை ஆட்டி வைத்தது. சீட்டைத் திருத்தித் தரச் சொல்லி அந்த மருத்துவமனைக்கு நான் மூன்று முறை போனேன். வந்தவர்கள் சொன்னதைத்தான் எழுதினோம் என்றார்கள். அதிலும் நியாயம் இருந்தது. ஒன்பதாம் நாள் காவல் நிலையத்தில் கொடுத்த புகாருக்கு ஒரு சி.எஸ்.ஆர். ரசீது இருந்தது, ஏன் ஒன்பது நாள் தாமதம் என்று அதையும் குடைந்தார்கள். பட்டறையில் இருந்தவர்களில் ஒருவரும் சாட்சி சொல்ல வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது, சனிக்கிழமை சம்பளம் வாங்க வேண்டியவர்கள். முன்னரே வேலையை விட்டுப் போயிருந்த ஒரு பெரியவர் மட்டும் வந்து, அந்தப் பிரஸ் தானாக இறங்கும் என்று சொன்னார். ஆனால் விபத்து அன்று அவர் அங்கே இல்லை.

கடைசியில் எங்களைக் காப்பாற்றியது முதலாளியின் நல்ல குணம்தான் என்று சொன்னால் வேடிக்கையாக இருக்கும். குறுக்கு விசாரணையில் எங்கள் வக்கீல் 62,000 ரூபாய் பில்லை எடுத்து அவர் கையில் கொடுத்தார். பணம் கட்டியவர் என்ற இடத்தில் முதலாளியின் பெயர். ஆஸ்பத்திரியில் சேர்த்த நேரம் புதன்கிழமை காலை 11.20. வேலை நாளில், வேலை நேரத்தில், தன் வீட்டுக் கதவில் கை நசுங்கிய ஒருவரை உங்கள் மைத்துனர் எதற்காகத் தூக்கிக்கொண்டு வந்தார், உங்கள் பணியாளரே இல்லாதவருக்கு நீங்கள் எதற்காக 62,000 ரூபாய் கட்டினீர்கள் என்று கேட்டார். முதலாளி கொஞ்ச நேரம் பில்லையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாவமா இருந்துச்சு, கட்டினேன்" என்றார். அதற்கு மேல் வக்கீல் ஒன்றும் கேட்கவில்லை.

ஆகவே என்னிடம் வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: அடிபட்டவருடன் ஆஸ்பத்திரிக்கு வீட்டு மனிதர் ஒருவர் கட்டாயம் போய், எந்த இடத்தில், எந்த இயந்திரத்தில், எத்தனை மணிக்கு என்பதை அவரே சொல்லி எழுத வைக்க வேண்டும். அரசுப் பெரியாஸ்பத்திரிக்குப் போனால், விபத்துப் பதிவேட்டில் ஏறும் விவரத்தின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். முதலாளிக்கு விபத்து அறிவிப்பைப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்த வேண்டும். மனு போட விபத்து நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு என்பதை நம்பி, பேச்சுவார்த்தையிலேயே காலத்தைக் கடத்தக் கூடாது. வக்கீலுக்கு வசதி இல்லையென்றால், தொழிலாளி என்ற முறையில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கும் உரிமை 1987ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது.

வேலையில் இறந்தவர்களின் வீடுகளில் நடப்பது இன்னும் மோசம். காரியத்தன்று ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் ஒரு கட்டுப் பணத்தைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்துக் கைகூப்பிவிட்டுப் போகிறார்கள். சாவுக்கான இழப்பீட்டை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். நேராகக் கொடுத்தது கணக்கில் சேராது. இறந்தவரின் மூன்று மாதச் சம்பளம் அளவுக்கு முன்பணமாகக் கொடுத்தது மட்டுமே கழிக்கப்படும். ஆணையர் வழியாகப் போனால் மனைவிக்கு, பிள்ளைகளுக்கு, தாய்க்கு என்று அவர் பிரித்துக் கொடுப்பார். சிறுபிள்ளைகளின் பங்கு வங்கியில் போடப்படும். தாம்பாளத்துப் பணம் யார் கையில் போய்ச் சேர்கிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பட்டறை முதலாளிகளிடமும் ஒரு வார்த்தை. இந்தப் பொறுப்புக்கென்றே காப்பீட்டுப் பாலிசி இருக்கிறது. எங்கள் முதலாளி அதை எடுத்திருந்தால் வழக்கில் எதிரே நின்றிருப்பது காப்பீட்டு நிறுவனமாக இருந்திருக்கும். விபத்தான ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி ஓடத் தொடங்கும். தகுந்த காரணமில்லாத தாமதத்துக்குத் தொகையில் பாதி வரை அபராதமும் உண்டு. எங்கள் கணக்கில் வட்டி மட்டும் மாதத்துக்கு 3,589 ரூபாய் ஏறிக்கொண்டே இருந்தது.

2025 நவம்பர் 21 முதல், 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்து, 1923ஆம் ஆண்டுச் சட்டத்தையும் ஈ.எஸ்.ஐ. சட்டத்தையும் தனக்குள் எடுத்துக்கொண்டுவிட்டது. வேலைக்குப் போகும்போதோ வேலை முடிந்து வீடு திரும்பும்போதோ நடக்கும் விபத்தும், வேலையோடு அதற்குள்ள தொடர்பைக் காட்டினால், வேலை விபத்தாகவே கொள்ளப்படும் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். அதிகாலையில் கப்பலூருக்கும் வாடிப்பட்டிக்கும் இரு சக்கர வாகனத்தில் ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. எங்கள் வழக்கு பழைய சட்டத்திலேயே முடிந்தது.

2024 நவம்பரில் உத்தரவு வந்தது: 3,58,920 ரூபாயும் வட்டியும். வட்டி 93,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. அபராதம் போடவில்லை. முதலாளி மேல்முறையீடு செய்வதானால் முழுத் தொகையையும் முதலில் கட்டிவிட்டுத்தான் உயர் நீதிமன்றக் கிளைக்குப் போக முடியும். அவர் கட்டியதோடு நிறுத்திக்கொண்டார்.

பணம் கணக்கில் ஏறிய அன்று மாலை மாப்பிள்ளை என்னைக் கூப்பிட்டு, "மச்சான், அந்த முப்பதாயிரத்துல சம்பளத்துல பிடிச்சதுபோக மிச்சம் எவ்வளவு வரும்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். அதை அவர்கள் கேட்கவே முடியாது, சட்டத்தில் இடமே இல்லை என்று நான் சொல்லத் தொடங்கினேன். "அவங்க கேக்கல, நான்தான் கேக்குறேன்" என்றார். ஜிபே பட்டியலில் 3,700 வந்த வாரங்களை எண்ணினேன்: பதினொன்று. ஐயாயிரத்து ஐந்நூறு போக, 24,500 ரூபாய். மறுநாள் சனிக்கிழமை, சம்பள நேரத்தில் பட்டறைக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். முதலாளி ஒன்றும் பேசவில்லையாம்; மேசை இழுப்பறையிலிருந்து முன்பண நோட்டை எடுத்து, அந்தப் பெயரைக் கோடு போட்டு அடித்துக் காட்டினாராம்.